தறியில் விட்ட நூல்

அண்ணன் மகளே, நல்லா இரு. சாமியைக் கும்பிட்டுட்டு உன்னைத் திட்டத்தான் உக்காந்திருக்கேன்.

லீவுக்கு வந்தவ சும்மா இருந்திருக்கலாம்ல? தறியில தொங்கின மிச்ச நூலைக் குப்பைன்னு வெட்டி, விளக்குக்குத் திரி திரிச்சிருக்கே. கேட்டா, "சாமிக்குத்தானே அத்தை"ங்குறே. சாமி உன்கிட்ட வந்து கேட்டாரா?

உன் மாமா சொல்லாம கிளம்பினப்ப தறியில விட்டுட்டுப் போன நுனிடி அது. அதுல புதுப் பாவு நூலை முடிச்சுப் போட்டாப் போதும், தறி ஓடும். வந்ததும் உக்காந்து நெய்யட்டும்னுதான் ரெண்டு வருஷமா தூசி தட்டி வச்சிருந்தேன். "அவர் எங்க வரப்போறாரு"ன்னு நீ முணுமுணுத்ததும் என் காதுல விழுந்துச்சு.

இப்ப ஒவ்வொரு இழையா முதல்லேருந்து கோக்கணும். நானே கோத்துக்கிட்டிருக்கேன். இனி அது என் தறி. அவர் வந்தா, கீழ உக்காந்து எனக்கு நூல் சுத்திக் குடுக்கட்டும்.

கோவம் ஆறாத,
உன் அத்தை