தையலறைக்குப் பொருந்தாத பல்பும் என் கண்மேல் விழுந்த பழியும்

அனுப்புநர்:
முதுநிலைத் தையலர்,
தையற்பிரிவு, கீழ்த்தளம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: தையற்பிரிவின் மஞ்சள் பல்புகளை மாற்றவும், எனக்குப் பார்வைக் குறைபாடு எனக் கூறும் இடமாற்ற ஆணையை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பார்வை: நீல மைக்குப் பதிலாகக் கறுப்பு மையில் கையொப்பமிட்டதாகத் திருப்பி அனுப்பப்பட்ட எனது முதல் மனு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மருத்துவமனையின் சீருடைகளைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். காவலாளிகளுக்குக் கருநீலம், ஓட்டுநர்களுக்குக் கறுப்பு. சென்ற மாதம் வரை ஒரு பொத்தான்கூட நான் மாற்றி வைத்ததாகப் புகார் வந்ததில்லை.

2. எங்கள் அறைக்குச் சன்னல் கிடையாது. இருந்த நான்கு ட்யூப்லைட்டுகளை மூன்று மாதங்களுக்கு முன் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் பல்புகளைப் பொருத்தினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்குக் கண்ணை உறுத்தாத விளக்கு வேண்டும் என்று கேட்கப்பட்டதாம். வாங்குவதுதான் வாங்குகிறோம் என்று கட்டடம் முழுவதற்கும் அதையே வாங்கிவிட்டார்கள். அன்றே ஸ்டோர் கீப்பரிடம் முறையிட்டேன். "லைட்டுன்னா லைட்டுதானேம்மா, எரியுதுல்ல?" என்றார். எரிகிறது அம்மையீர். எரியவில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

3. அந்தப் பல்பின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. என் வீட்டுப் படுக்கையறையிலும் அதுதான் இருக்கிறது. படுத்தால் சுகமாகத் தூக்கம் வருகிறது. ஆனால் அதன் கீழே கருநீலத் துணியையும் கறுப்புத் துணியையும் அருகருகே விரித்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல் இருக்கின்றன.

4. ஆகவே வெட்டிய துண்டுகளை மாடிப்படி வரை எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, பிரித்துக் கட்டி வந்தோம். ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. இருக்கையை விட்டு எழுந்து திரிகிறோம் என்று நிர்வாக அலுவலர் அதற்கும் தடை போட்டார். அதன்பிறகு குத்துமதிப்பாகத்தான் தைத்தோம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. விளைவாக, காவலாளிகளின் முப்பத்திரண்டு சட்டைகள் கருநீல உடம்பும் கறுப்புக் கையுமாகப் போய்விட்டன. புதுச்சட்டையுடன் அவர்கள் காலை வெயிலில் வரிசையாக நின்றபோதுதான் அது தெரிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், "என்னக்கா, பாதி அவங்க ஆளு, பாதி எங்க ஆளா?" என்று கேட்க, வாசலே சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

6. விசாரணை எங்கள் அறையிலேயே, அதே பல்பின் கீழேயே நடந்தது. நிர்வாக அலுவலர் மேசைமேல் இருந்த ஒரு துணியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது கருநீலம்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். அவர் போன பின்னர் நாங்கள் அதை மாடிப்படியில் வைத்துப் பார்த்தோம். அவர் பிடித்திருந்தது கறுப்பு.

7. மறுநாளே எனக்குப் பார்வைக் குறைபாடு என்று ஆணை வந்தது. வரும் ஒன்றாம் தேதி முதல் நான் சலவைப் பிரிவில் போர்வை மடிக்க வேண்டும். நம் மருத்துவமனையின் கண் மருத்துவரிடமே போனேன். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க எங்க உக்காந்து தைக்கிறீங்க?" அவரது சான்றிதழை இணைத்துள்ளேன்.

8. பல்புப் பெட்டியில் வாட் மட்டுமல்ல, வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதற்கு ஓர் எண்ணும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு இன்னோர் எண்ணும் அச்சிட்டிருப்பதாக நம் எலக்ட்ரீஷியன் சொல்கிறார். "அதையெல்லாம் யாருக்கா படிக்கிறாங்க?" என்றும் அவரே சொல்கிறார். யாராவது ஒருவர் படித்திருந்தால் எனக்கு இந்த அவமானம் வந்திருக்காது. போர்வை மடிப்பது கேவலமான வேலை அல்ல. ஆனால் கண் தெரியாதவள் என்ற பெயரோடு என் தையல் மேசையை விட்டு எழுந்து போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

9. எனவே, கூடத்தில் மஞ்சள் பல்பு இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் அறைக்கு நிறம் சரியாகத் தெரியும் வெள்ளை விளக்குகள் பொருத்தவும், என் பணிப்பதிவேட்டில் உள்ள குறைபாடு என்ற சொல்லை நீக்கவும், இடமாற்றத்தை ரத்து செய்யவும், ஒன்றாம் தேதிக்கு முன் ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

10. இதை என் மேசையில், உணவு இடைவேளையில் எழுதுகிறேன். என் பெட்டியில் ஒரு நீலப் பேனாவும் ஒரு கறுப்புப் பேனாவும் இருக்கின்றன. இரண்டின் மூடியும் தொலைந்துவிட்டது. இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டதால் மாடிப்படிக்குப் போய்ப் பார்த்து வர அனுமதி இல்லை. நீலம் என்று நம்பி ஒன்றை எடுத்துக் கையொப்பமிடுகிறேன். தங்கள் அறைச் சன்னலருகே வைத்துப் பாருங்கள். நீலமாக இருந்தால் மனுவை ஏற்றுக்கொள்ளுங்கள். கறுப்பாக இருந்தால், தயவுசெய்து திருப்பி அனுப்பாமல், கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை கீழே வாருங்கள்.

இடம்: தையற்பிரிவு, கீழ்த்தளம்
நாள்: மாதத்தின் இருபத்திரண்டாம் தேதி

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
முதுநிலைத் தையலர்

இணைப்பு: கண் மருத்துவரின் சான்றிதழ், துணித்துண்டுகள் இரண்டு, ஒன்று கருநீலம், ஒன்று கறுப்பு.