கால் உருளையும் ஒரு குடம் தண்ணீரும்

கண்டக்டரே,

இன்று காலை என் மகன் கூரியரில் வந்த பெட்டி ஒன்றைப் பிரித்து என் காலடியில் வைத்தான். பச்சை நிறப் பிளாஸ்டிக் உருளை. உடம்பெல்லாம் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருந்தது. பிரித்ததும் ஒரு வாடை அடித்தது பார், வெயிலில் கிடந்த டயர் டியூபை மூக்கில் வைத்துத் தேய்த்த மாதிரி. பெட்டியின் மேல் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பாதம். அதைச் சுற்றி அம்புக்குறிகள். இங்கே அழுத்தினால் கிட்னிக்கு நல்லது, அங்கே அழுத்தினால் இதயத்துக்கு நல்லது, குதிகாலை அழுத்தினால் தூக்கம் வருமாம். பொய் சொல்வதற்குக் கூசாத பெட்டி.

"டெய்லி உருட்டுங்கப்பா, குதிகால் வலி ஓடிடும்" என்றான். ஆயுசெல்லாம் கிளட்ச் மிதித்த கால், ஓடுகிற வலியா அது? அவன் போனதும் காலை வைத்துப் பார்த்தேன். குத்தியது. குமட்டிக்கொண்டும் வந்தது. அந்தப் பிளாஸ்டிக் வாடை ஒரு பக்கம் என்றால், நீ செத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத நேரத்தில் எனக்கு இதை வாங்கித் தந்தவன் என் மகன் என்பது இன்னொரு பக்கம். அவன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் உருளையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அதைப் பேச உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலைக்குப் போகிற வண்டியில் நாம் இரண்டு பேரும் ஜோடி சேர்ந்தபோது உனக்கு ஏற்கெனவே குதிகால் வலி இருந்தது. மலை ரூட்டில் கண்டக்டர் வேலை என்றால் உட்காருவதற்கு இடம் ஏது? புளி மூட்டை, கடுக்காய் மூட்டை, ஆடு, கோழி, அதற்கு நடுவே ஜனம். வளைவுக்கு வளைவு நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றி நிற்பாய். டாக்டர் உன்னை நிற்காதே என்றாராம். டிப்போவுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பிறகு ஒருநாள் கச்சிராயபாளையத்தில் கட்டில் கால் கடைகிற பட்டறையில் இறங்கி, மிச்சம் கிடந்த பூவரசங்கட்டையில் ஒரு உருளை கடைந்து வாங்கி வந்தாய். முழங்கை நீளம், நடுவில் கொஞ்சம் பருமன், மேலெல்லாம் வரி வரியாகப் பள்ளம். இரண்டு பக்கமும் சின்னப் பலகை. பலகைகளுக்கு நடுவில் உருளை தானாகச் சுற்றும். அவ்வளவுதான் அந்த மெஷின். அம்புக்குறி கிடையாது, கிட்னி கிடையாது.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"இதாங்க டிரைவரே என் சின்ன வூடு. பெரிய வூட்டுக்காரி கால் அமுக்கமாட்டேன்ட்டா."

அப்போதெல்லாம் நீ என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவாய். நான் களமருதூர்க்காரன், நீ திருநாவலூர்ப் பக்கத்துக் காலனிக்காரன். ஒரே வயசு, ஒரே சீருடை, ஆனாலும் அந்த 'ங்க' உன் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒருநாள் மலை வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னொரு 'ங்க' போட்டால் இங்கேயே இறங்கி நடந்துகொள் என்றேன். அதன் பிறகு 'யோவ் டிரைவரே' ஆனது. அதிலும் நீ மரியாதைக் கம்மியை ரொம்பவே ரசித்தாய் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் உன் உருளையை எனக்குப் பிடிக்காது. எனக்குப் பாதம் என்றாலே ஆகாது, அது என் பிறவிக் குணம். வெள்ளிமலையில் வண்டி நிற்கிற நேரம் முழுக்க நீ பின் படிக்கட்டில் உட்கார்ந்து ரெக்சின் செருப்பைக் கழற்றுவாய். மழை நாளென்றால் அந்த நாற்றம் டிரைவர் சீட்டுவரைக்கும் நடந்து வரும். வெடித்த குதிகால், வெடிப்பில் கருத்த அழுக்கு, அதன்மேல் விளக்கெண்ணெய். கரகரவென்று உருட்டுவாய், உருட்டிக்கொண்டே ஏப்பம் விடுவாய். முடித்ததும் காலைத் தடவிப் பார்த்த அதே கையால் தூக்குச்சட்டியைத் திறக்கப் போவாய்.

"கருமம், கைய கழுவுய்யா!" என்று நான் கத்துவேன்.

"காலும் என்னுது, கையும் என்னுது. உனுக்கு இன்னாய்யா வலிக்குது?"

நீ கழுவிய பிறகு உன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்குத்தான் வரும். மலைக்காரப் பெண்கள் சுமையை இறக்கிவிட்டு உன்னிடம் கேட்டு உருளையில் காலை வைத்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வைப்பார், தேன் விற்கிறவன் வைப்பான். நான் மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. ஊரார் கால் பட்ட கட்டையில் என் காலா, சீ.

அப்புறம் அந்த வருஷங்கள் வந்தன. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டை மறித்த வருஷங்கள். கேட்டது நியாயம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். என் தம்பி பட்டம் வாங்கிவிட்டு வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்காக நானும் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், நீயும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. "எங்களுக்குக் கெடச்சது உங்களுக்கும் கெடைக்கட்டுமேய்யா" என்றுதான் சொன்னாய். ஆனால் ரோட்டில் நடந்தது வேறு. எந்தக் காலத்திலோ யாரோ நட்டு வைத்த புளியமரத்தையெல்லாம் வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். எங்கோ ஒரு காலனியில் கூரை எரிந்தது என்று பேச்சு வந்தது. சர்க்காரிடம் கேட்க வேண்டியதற்கு இல்லாதவன் கூரையை எரிப்பானேன்? நினைத்தாலே இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அப்படி ஒருநாள், காலையில் மலைக்குப் போகும்போது ரோடு சும்மாதான் இருந்தது. மத்தியானம் இறங்கி வந்தால் கோமுகி அணைக்கு இந்தப் பக்கம் முன்னால் ஒரு மரம் கிடக்கிறது. பின்னால் திரும்பலாம் என்று பார்த்தால் அங்கேயும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். ஜனமெல்லாம் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டது. வண்டியை விட்டுவிட்டு நாம் போக முடியாது, போனால் வேலை போய்விடும். கோடாலியோடு ஒரு கூட்டம் வந்தது. என்னைப் பார்த்து, "எந்த ஊரு?" என்றார்கள். சொன்னேன், யார் மகன் என்றும் சொன்னேன். "நம்மாளுதான்டா" என்று சிரித்தார்கள்.

உன்னை யாரும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் இல்லையா? ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் ஒரே சாதியாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பென்று தெரிந்தால் கோடாலி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான். உன்னைத் தப்பித்து மலைப்பக்கம் நடந்து போகச் சொன்னேன். "டிக்கெட் பையோட எங்கய்யா ஓடுறது?" என்று நீ உட்கார்ந்துவிட்டாய்.

கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய தலைவர் வந்தார். அந்த வட்டாரத்துப் பெரிய கரும்புக்காரர், வெள்ளை வேட்டி, அத்தர் வாசனை. விடிந்ததிலிருந்து ஊர்வலத்தில் நடந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. வெட்டிய மரத்தின்மேலேயே உட்கார்ந்தார். அவர் கண்ணில் படிக்கட்டோரம் கிடந்த உன் உருளை பட்டது.

"இன்னாப்பா அது?"

"காலுக்குங்க. வலி எடுத்தா உருட்டறதுங்க" என்றாய். பழைய 'ங்க' திரும்பி வந்துவிட்டது. நீயே கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாய்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார், வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஆகா... உசுரு வந்துச்சுடா. தம்பி, எனுக்கும் ஒண்ணு கடைஞ்சி குடுப்பா" என்றார். உருட்டிக்கொண்டே பையன்களுக்குப் பேச்சு வேறு. நம்மை எத்தனை காலமாக மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், மனுஷனாக மதித்தார்களா, இனிமேல் விடக் கூடாது என்று. பேச்சில் பாதிக்கு நானே தலையை ஆட்டினேன். உன் கட்டை கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கச்சிராயபாளையத்திலிருந்து சைக்கிளில் ஒருவன் வந்தான். பட்டறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவன், உன்னையும் உன் ஊரையும் தெரிந்தவன். உன்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், ஓடிப்போய் அவர் காதில் ஊதினான். அவ்வளவுதான். மலத்தை மிதித்தவன் மாதிரி காலைத் தூக்கிக்கொண்டார் அந்த மனுஷன். தூக்கிய காலைக் கீழேயும் வைக்கவில்லை. "தண்ணி கொண்டாடா" என்றார்.

வாய்க்காலில் இருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் கணுக்கால்வரைக்கும் கழுவினார். விரலிடுக்கிலெல்லாம் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். என் ஆயுசில் எவ்வளவோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டேன், கண்டக்டரே. விபத்தில் ரோட்டில் சிதறியதைப் பார்த்திருக்கிறேன், எவனாவது குடித்துவிட்டு வண்டிக்குள் வாந்தி எடுத்ததை நீயும் நானும் சேர்ந்து கழுவியிருக்கிறோம். அந்தக் கால் கழுவலைப்போல எனக்குக் குமட்டியது எதுவும் இல்லை. தலையில் தீட்டு, தோளில் தீட்டு, தண்ணீரில் தீட்டு என்பார்கள், கேட்டிருக்கிறேன். சேற்றிலும் சாணியிலும் நடக்கிற உள்ளங்காலுக்குமா தீட்டு?

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நீ அவரைக் கடந்து நடந்தாய். உருளையை எடுத்தாய். பையிலிருந்து சீருடைக்குப் போடுகிற பார் சோப்பை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாய். தேங்காய் நாரால் தேய் தேய் என்று அந்தக் கட்டையைத் தேய்த்தாய். நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தாய். ஒருவன் கோடாலியைத் தோளில் இருந்து இறக்கிக்கொண்டு, "இன்னாடா பண்ற?" என்றான்.

"அவுரு காலக் கழுவிக்கினாரு, நான் கட்டையக் கழுவிக்கிறன். யார் யாருக்கு இன்னா ஒட்டிக்கினுதோ?" என்றாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோடாலிக்காரன் தலைவர் முகத்தைப் பார்த்தான். நீ மேலே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஈரக் கட்டையைக் கீழே வைத்தாய். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, என் இரண்டு காலையும் அதன்மேல் வைத்தேன். வீரம் எல்லாம் இல்லை. பயத்தில் காலை எங்கேயாவது ஊன்ற வேண்டியிருந்தது. ஆனால் வைத்த காலை எடுக்கவில்லை. உன்னை வெட்டுகிறவன் களமருதூர்க்காரன் மகனையும் சேர்த்து வெட்ட வேண்டும், அது அவர்களால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

அந்தத் தலைவர் என்னையே பார்த்தார். "இவனும் நம்ம சாதியிலதான் வந்து பொறந்தான் பாரு" என்று சொல்லித் துப்பினார். போகிற போக்கில் வண்டியின் முன் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நீ முதல் வேலையாக மூக்கைப் பொத்திக்கொண்டாய். "யோவ் டிரைவரே, இம்மா நாள் என் கால நாறுது நாறுதுன்னியே, உன் காலு இன்னாய்யா இப்படி நாறுது!" இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது நீ அழுதாய். நான் பார்க்காத மாதிரி கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினேன்.

அந்த உருளை வீடு மாற்றியதில் எங்கோ தொலைந்துபோனதாக அப்புறம் நீயே சொன்னாய். அந்தக் கரும்புக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று கேட்ட ஒதுக்கீடு எங்களுக்குக் கிடைத்தது. அதில் என் மகன் படித்தான், அரசாங்க உத்தியோகம் வாங்கினான், கள்ளக்குறிச்சியில் மாடி வீடு கட்டினான். நன்றாக இருக்கட்டும்.

போன வாரம் உன் சாவுக்கு வந்தேன். உன் வீட்டு வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன், உன் பெண் கொடுத்த காப்பியைக் குடித்தேன், சுடுகாடுவரைக்கும் நடந்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்தால் வாசலிலேயே ஒரு பக்கெட் தண்ணீரும் சொம்பும் துண்டும் வைத்திருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். நானும் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அப்போது என் மகன் கதவோரம் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நல்லா தேச்சிக் குளிங்கப்பா. சாவு வூடுன்னு மட்டும் இல்ல... அங்க போய் உக்காந்துட்டு வந்திருக்கீங்க. ஏதாச்சும் வாங்கிக் குடிச்சீங்களா?"

ஒரு கணம் எனக்கு அத்தர் வாசனை அடித்தது, கண்டக்டரே. என் வீட்டில், என் ரத்தத்தில் அடித்தது.

பொத்தானைத் திரும்பப் போட்டேன். பக்கெட்டைக் காலால் தள்ளிச் சாய்த்துவிட்டு, செருப்புக் காலோடு கூடத்தைத் தாண்டி உள்ளே போனேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கட்டிலில் அப்படியே படுத்தேன். மறுநாள் வழக்கம்போல் குளித்தேன், அது அழுக்குக்கு. உன் தீட்டுக்கு நான் குளிக்கவில்லை. அது இன்னும் என்மேல்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.