ஏழுக்கு ஒன்றில் அந்த ஒன்று

மஃபெட்டெங்,
திங்கட்கிழமை

அன்பு மகள் தெபெல்லோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், ஆடுகள் நலம், போன வாரக் காற்றில் கூரைத் தகடு ஒன்று பறந்துவிட்டது, அப்பா அதைத் தேடி எடுத்துவந்து மேலே கல் தூக்கி வைத்திருக்கிறார். நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் போனில் பத்துத் தடவை கேட்டாகிவிட்டது, பத்துத் தடவையும் "நல்லாத்தான்மா இருக்கேன், சும்மா தொணதொணன்னு கேக்காதே" என்று வைத்துவிட்டாய். அதனால் இப்போது கேட்கப் போவதில்லை, எனக்குத் தெரிந்ததை நானே சொல்கிறேன், கோபப்படாமல் உட்கார்ந்து படி.

சனிக்கிழமை உன் சித்தி மகள் செய்பாதி வந்திருந்தாள். தேநீர் குடித்துக்கொண்டே, "பெரியம்மா, தெபெல்லோ அக்கா வெள்ளை மண்ணு வாங்கி பஸ்ல குடுத்து விடச் சொல்லிச்சு, மார்க்கெட்ல யாருகிட்ட நல்லா இருக்கும்" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு வாய் அப்படி, மூடத் தெரியாது. நீ சின்ன வயதில் மண் தின்ற பிள்ளை இல்லை, உதட்டில் ஒட்டிய மண்ணைக்கூடத் துப்பிவிட்டு அழுவாய். கல்யாணமான பெண் மண் கேட்டால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஆட்டுக்குக்கூடத் தெரியும். விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன், உன் புருஷன் காட்லேஹோ சுரங்க வேலையிலிருந்து விடுப்பில் வந்து போனதிலிருந்து கணக்கு வைத்தால் இரண்டு மாதம் ஆகிறது. அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அந்தப் பையன் இந்நேரம் எனக்குப் போன் செய்து கத்தியிருப்பான். உன் கால்பந்து அணியின் டாக்டருக்கும் நீ சொல்லியிருக்க மாட்டாய். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் உனக்கு. சுவாசிலாந்துக்காரிகளோடு இதுவரை எட்டு ஆட்டம், ஏழு தோல்வி, ஒன்று சமம், இந்த ஒன்பதாவது நம்முடையது என்று போன மாதம் நீ போனில் குதித்தது என் காதில் இன்னும் இருக்கிறது. பயமாக இருக்கிறது தெபெல்லோ. மூன்று நாளாகச் சோளக்களி கிண்டினால் அடிபிடிக்கிறது, அப்பா ஒன்றும் சொல்லாமல் சுரண்டித் தின்கிறார்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. கால்பந்துச் சங்க அலுவலகத்திலிருந்து ஞகல்லோ என்று ஒரு பெண் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். நம் நாட்டுப் பெண்கள் அணி முதல் நாளிலிருந்து ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதுகிறாளாம், தேதி, எதிரணி, ஊர், கோல், யார் அடித்தது என்று எல்லாம் அதில் வர வேண்டும். பாவம், தலையைப் பிய்த்துக்கொள்கிறாள். "அம்மா, ஒரு ஆட்டத்துக்குப் பதினாறு பொண்ணுங்கதான் பஸ்ல போயிருக்காங்க, என்கிட்ட இருபத்திரண்டு பேர் இருக்கு" என்றாள். இருக்காதா பின்னே. கல்யாணம் ஆன அன்றே மாமியார் வீட்டில் புதுப் பெயர் வைத்துவிடுகிறார்கள், பிறக்கப் போகிற முதல் பிள்ளைக்குப் பெயரைத் தீர்மானித்து, இவளை அதன் அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய பெயர் பிறந்த வீட்டோடு போயிற்று. ஒருத்தியே இரண்டு பேராகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறாள். "நம்ம ஊர்ல கல்யாணம் ஆன பொண்ணக் கண்டுபிடிக்கப் போலீஸ்தான் வேணும்" என்று சொல்லி அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு கைப்பேசியில் ஒரு வரியைக் காட்டினாள். சுவாசிலாந்தில் நடந்த ஆட்டம், ஏழுக்கு ஒன்று, நம் கோல் அடித்தவர் செலோவானே, பத்தாம் எண், அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. "இந்தச் செலோவானே யாருன்னு யாருக்குமே தெரியலம்மா, நீங்களும் அந்தக் காலத்துல ஆடினவங்கதானே, உங்களுக்காவது தெரியுமா" என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டாள், இன்னொரு தடவையும் தெரியாது என்றேன்.

செலோவானே நான்தான். உனக்கு என்னை மாதெபெல்லோ என்று மட்டும்தான் தெரியும், உன் அம்மா என்பதால் அந்தப் பெயர் என்று நினைத்திருப்பாய். நீ பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பே நான் மாதெபெல்லோ ஆகிவிட்டேன். கல்யாணம் ஆகி மூன்றாவது மாதம் அந்த ஆட்டம். புது மருமகள் தலையில் துணியும் இடுப்பில் கம்பளியும் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்த வீடு, அரைக்கால் சட்டை போட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறேன் என்றால் உன் பாட்டி அப்போதே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாள். மசேருவில் என் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உன் அப்பாவுக்கு மட்டும் ஆட்டம் என்று தெரியும். ரேடியோவில் அணியின் பெயர்களை வாசிப்பார்கள், மாதெபெல்லோ என்று வந்தால் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து சொல்லிவிடுவாள், அதனால் மேனேஜரிடம் என் பழைய பெயரைக் கொடுத்தேன். மிகவும் சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. எட்டு வாரம் இருக்கும். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அவரே போகாதே என்பார் என்று ஆட்டம் முடிந்து வந்து சொல்லலாம் என்றிருந்தேன். ஆறு கோல் வாங்கிவிட்டுத்தான் அந்த ஒன்றை அடித்தேன், அதுவும் அழகாக ஒன்றும் இல்லை, மூலையிலிருந்து வந்த பந்து என் தொடையில் பட்டு உள்ளே போயிற்று. ஆனால் நம் பெண்கள் என் மேல் விழுந்து புரண்டார்கள், ஏதோ கோப்பை ஜெயித்ததுபோல. அதற்குப் பிறகும் ஒன்று வாங்கினோம். திரும்பி வரும்போது எல்லைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் வயிறு பிடித்துக்கொண்டது. கேப்டன் என்ன என்று கேட்டாள், மாதவிலக்கு என்றேன், துண்டு ஒன்று கொடுத்தாள். பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் வாயை அசைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் எழுந்து தண்ணீர் எடுத்தேன், களி கிண்டினேன், அத்தை எப்படி இருக்கிறாள் என்று மாமியார் கேட்டாள், தேவலாம் என்றேன்.

அந்தப் பெயருக்கு முதலில் வந்தது நீ இல்லை தெபெல்லோ. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் ஒன்றும் தங்கவில்லை. "பேரு வச்சுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம், புள்ளையத்தான் காணோம்" என்று விருந்தாளிகள் முன்னால் உன் பாட்டி சொல்வாள், நான் தட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஓடியதால்தான் போயிற்று என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன், பந்தைத் தொடவே இல்லை அதற்குப் பிறகு. நீ வயிற்றில் இருந்தபோது மருத்துவமனை நர்ஸிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "எட்டு வாரத்துல போறது எத்தனையோ பேருக்குப் போகுதும்மா, படுத்துக் கெடந்தவளுக்கும் போகுது, ஓடினதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். அறிவுக்குப் புரிகிறது. நீ முதன்முதலாகப் பள்ளியில் பந்து விளையாடிவிட்டு வந்த அன்று நான் உன்னை அடித்தேன், ஞாபகம் இருக்கும். சட்டையைக் கிழித்ததற்காக என்று சொன்னேன். அதற்காக இல்லை.

இன்று இதோடு நிறுத்துகிறேன். புதன்கிழமை பஸ்ஸில் செய்பாதியின் தோழி உங்கள் முகாம் இருக்கிற போர்ட் எலிசபெத்துக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. நீ ஒளிக்கிறாய் என்று உனக்கு எழுதிவிட்டு, அந்தத் தாளை அப்பா பார்க்கக் கூடாது என்று மாவு மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஞகல்லோவுக்குப் போன் செய்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார், எழுந்து வெளியே போகாமல் அங்கேயே நின்று பேசினேன். "அந்தச் செலோவானே நான்தாம்மா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அந்தப் பெண் போனிலேயே கைதட்டினாள், எந்தப் பெயரைப் போடட்டும் என்று கேட்டாள், இரண்டையும் போடச் சொன்னேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள், குடும்ப விஷயம் என்று வைத்துவிட்டேன். அப்பா தையலை நிறுத்திவிட்டு, "ஏழுக்கு ஒண்ணு ஆட்டத்துக்குப் போய் இருபத்தாறு வருசமா ஒளிஞ்சிக்கிட்டா இருந்த? அம்மாதான் செத்துப் போயி எட்டு வருசம் ஆச்சே, இனி யாருக்குப் பயம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் விஷயத்தையும் சேர்த்து.

தைத்துக்கொண்டிருந்த செருப்பை அப்பா கீழே வைத்தார். ஆட்டுப்பட்டிக்குப் போய் நின்றார், நிற்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, நான் போய்ப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, "அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உனக்குன்னு கொய்யாப்பழம் வாங்கி வச்சிருந்தேன். நீ என் முகத்தப் பாக்காம நடந்துபோன. தோத்துப் போன கோபம்னு நெனச்சேன் செலோவானே, ஒரு வாரம் உன்கிட்ட ஆட்டத்தப் பத்தியே பேசல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து அழ வேண்டிய அழுகையை நான் தனியாக ஒரு பஸ்ஸில் அழுது தீர்த்துவிட்டேன், அது அவருக்குச் செய்த துரோகம் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் உன்னை ஆடாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ கேட்கப் போவதும் இல்லை. டாக்டரிடம் சொல். காட்லேஹோவுக்குப் போன் போடு, அவன் கத்தினால் கத்தட்டும். டாக்டர் ஆடலாம் என்றால் ஆடு, நான் ரேடியோ முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்றால் கரையில் உட்கார்ந்து சத்தம் போடு, அந்த ஒன்பதாவது ஆட்டத்தில் உன் பெயர் இல்லாமலும் நம் அணி ஜெயிக்கும். எது நடந்தாலும், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும், உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரையைக் களிமண்ணோடு சேர்த்துத் தின்னாதே, மாத்திரை உடம்பில் சேராதாம். குதிகால் செருப்பைக் கொஞ்ச நாள் ஓரமாக வை.

கடிதத்தைச் செய்பாதியின் தோழியிடம் கொடுக்கவில்லை. அப்பா நாளைக் காலை பஸ்ஸில் தானே கிளம்புகிறேன் என்கிறார். பத்து மணி நேரப் பயணம், முட்டிவலிக்காரர், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், "ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒண்ணும் கேக்காம விட்டுட்டேன், போதும்" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடித்து வைத்துவிட்டார். வியாழக்கிழமை காலை முகாம் வாசலில் காவலாளியிடம் இதைக் கொடுத்து அனுப்பிவிட்டு வெளியே நிற்பார். உள்ளே கூப்பிட்டாலும் வர மாட்டார், பெண்கள் இருக்கிற இடம் என்று கூச்சப்படுவார்.

உனக்கும் உன் வயிற்றில் இருக்கிறதற்கும் அமைதியும் மழையும் விளைச்சலும் கிடைக்கட்டும். கடவுள் உன் காலுக்குத் துணையாக இருக்கட்டும். இப்போது எழுந்து வாசலுக்குப் போ மகளே, அப்பா நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும்.

உன் அம்மா,
மாதெபெல்லோ