கேட்டது, கொடுத்தது

திங்கள், 9 மார்ச்

காலையிலேர்ந்து மழை. துணி மூணாவது நாளா காயல. வீடு பூரா ஈர நாத்தம்.

இது என் வீட்டுக்காரரோட டைரி. போன வருஷத்தது, ஹார்ட்வேர் கடையில சும்மா குடுத்தது. ஜூலைக்கு அப்புறம் எல்லாப் பக்கமும் காலி. அச்சடிச்ச தேதிய அடிச்சுட்டு எழுதுறேன். நல்ல தாளு, வீணாப் போக வேணாம்.

இன்னைக்கு ஈப்போவுல இன்டர்வியூ. ஹோட்டல் மண்டபத்துல. எங்க பாக்டரிய மாசக் கடைசியில மூடுறாங்க. தெரிஞ்சுதான் பினாங்குக் கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வந்திருக்காங்க. அங்கயும் கம்ப்யூட்டர் சிப்பு வேலைதான். எனக்குத் தெரிஞ்சதும் அது ஒண்ணுதான். பதினெட்டு வருஷமா மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சு, சிப்புல கீறல் இருக்கா, ஓரம் உடைஞ்சிருக்கான்னு பாக்குறேன்.

பரீட்சை வச்சாங்க. இருபது சிப்பு. கெட்டது ஏழு, ஏழையும் பிடிச்சேன். எட்டாவது ஒண்ணு இருக்குன்னார் இன்ஜினியர். "இல்ல சார், அது தூசி. ஊதிப் பாருங்க." ஊதினார். போச்சு. சிரிச்சுட்டார்.

அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்.

அப்புறம் ஆபீஸ் பொண்ணு, தமிழ்ப் பொண்ணுதான், "அக்கா, பேசிக் சம்பளம் எவ்ளோ எதிர்பாக்குறீங்க?"ன்னா. "ஆயிரத்து எண்ணூறு போதும்மா"ன்னுட்டேன். இப்ப வாங்குறதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது! அந்தப் பொண்ணு ஒரு தடவ நிமிர்ந்து பாத்தா. எழுதிக்கிட்டா. "ஓகே அக்கா, வெள்ளிக்கிழமை இங்கேயே வந்து சைன் பண்ணுங்க."

பஸ்ஸுல சுங்கை சிப்புட் வீடு வந்து சேர்ற வரைக்கும் அதே நெனப்பு. எண்ணூறு. யாரு சொன்னது? நான்தான்.

செவ்வாய்

மழை விட்டுச்சு. துணிக்குப் போட குளோரோக்ஸ், அரிசி, மகளுக்கு பென்சில் பேட்டரி வாங்கணும்.

பாக்டரி பஸ்ஸுல காக் ரொஹானி, மலாய்க்கார அக்கா, பக்கத்துல. பதினோரு வருஷமா என் பக்கத்து ஸ்கோப்பு. அவளும் நேத்து போயிருந்தா. "நீ எவ்ளோ கேட்ட?"ன்னா. சொல்லாம மழுப்புனேன். அவளே சொன்னா: ரெண்டாயிரத்து முன்னூறு. அந்தப் பொண்ணு மறு பேச்சு பேசலையாம்.

பரீட்சையில ஏழுல அவ பிடிச்சது அஞ்சு.

உண்மையச் சொன்னேன். நெத்தியில அடிச்சுக்கிட்டா. "போடோ லா நீ! முட்டாள்! கடையில மீன்காரன் கூட உன்ன மாதிரி கொறைக்க மாட்டான்." பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. எரிச்சலா வந்துச்சு. அவ மேல இல்ல.

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியும். பதினாலு வயசுல ரப்பர் தோட்டத்துல புல்லு வெட்டப் பேரு குடுக்கப் போனேன். தோட்டத்து கிளார்க்கு, கிராணி, கணக்குப் புத்தகத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டே, "முழுப் பேரா, அரைப் பேரா?" அரைப் பேருன்னா பாதிக் கூலி. எனக்குப் பின்னால பெரிய பிள்ளைங்க நிக்குதுங்க. திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். "அரைப் பேரு போதுங்கய்யா." உடனே எழுதிக்கிட்டார். அவ்ளோதான். ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய் வீடு கட்டிட்டான். இந்த வாய் மட்டும் அப்படியே இருக்கு.

இந்த பாக்டரியில சேர்ந்தப்ப அவருதான் பேசுனாரு. "செல்வி, நீ வாயத் தொறக்காத"ன்னு சொல்லிட்டு, சூப்பர்வைசர்கிட்ட, "எம் பொண்டாட்டிக்குக் கழுகுக் கண்ணு போஸ், வேற ஆளு கிடைக்க மாட்டா"ன்னாரு. மாசம் அம்பது வெள்ளி கூடக் குடுத்தாங்க. வெளிய வந்து மோட்டார் சைக்கிள் மேல உக்காந்துக்கிட்டு ஒரே சிரிப்பு. எனக்கு வெக்கமாப் போச்சு.

இப்ப யாரு பேசுவா.

புதன்

வெயில். எம்.சி., டாக்டர் குடுக்குற சீக்கு லீவு, எடுத்துக்கிட்டு ஈப்போ போனேன். பொய் எம்.சி. பதினெட்டு வருஷத்துல முதல் தடவ.

மக துளசி போன்ல பாத்துச் சொன்ன வேலை. மாடி ஆபீஸ், கீழ கண்ணாடிக் கடை. தானா ஓடுற காருக்குப் படம் குறிச்சுக் குடுக்கணுமாம். ரோட்டுப் படம் வரும். அதுல இருக்குற மோட்டார் ஒவ்வொண்ணையும் சுத்திப் பெட்டி போடணும். பழகிட்டா வீட்லேர்ந்தே செய்யலாம், லேப்டாப் அவங்களே தருவாங்க. பினாங்கு போக வேணாம், ஹோஸ்டல் வேணாம்.

ஆனா பேசிக் கிடையாது. இபிஎப் கிடையாது. ஒரு படத்துக்கு எட்டு காசு. பால் மரம் வெட்டுனவங்களுக்கு நிறுத்துக் குடுத்த மாதிரிதான். வேகமா செஞ்சா உண்டு.

"ஈசி மணி லா ஆண்ட்டி"ன்னான் அந்த ஆபீஸ் முதலாளி, போஸ் பையன்.

மூணு மணி நேரம் பழகப் போட்டான். பக்கத்துச் சீட்டுப் பொண்ணு அறுநூறு படம். நான் நூத்திப் பத்து.

வேலை தெரியாம இல்ல. ஒவ்வொரு மோட்டாரா பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீல மழைச் சட்டை போட்டவன். பின்னால அரிசி மூட்டை கட்டினவன். சந்தியில லாரிக்குப் பக்கத்துல நிக்கிறவன். மூஞ்சி எல்லாத்தையும் அழிச்சு வச்சிருக்கான். அப்படியும் பாத்தேன். அவரு அடிபட்டுப் போனது நம்ம ஊரு சந்தியிலதான், பட்டப் பகல்ல, ரொட்டி வாங்கப் போயி.

போஸ் பையன் பின்னால வந்து நின்னான். "ஆண்ட்டி, ஆளப் பாக்க வேணாம். மோட்டார மட்டும் பெட்டி போடு."

சரிப்பான்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எட்டு வெள்ளி எண்பது காசு. வாங்கல.

வியாழன்

இன்னும் ரெண்டு பக்கெட் துணி துவைக்கணும். கோழிக் குழம்பு, நேத்து மீந்தது.

சாயங்காலம் அண்ணி வந்தாங்க, அவரோட அக்கா. அவரு படத்துக்கு முன்னால விளக்கப் பாத்தாங்க. எண்ணெய் இருக்கான்னு தொட்டுப் பாத்தாங்க. அப்புறம்தான் உக்காந்தாங்க.

"பினாங்கு போறியாமே? எட்டு மாசம்தான் ஆவுது. வருஷம் திரும்புற வரைக்கும் பொண்டாட்டி கையால விளக்கு ஏத்தணும்னு தெரியாதா உனக்கு?"

"நாலு நாள் வேலை, ரெண்டு நாள் வீட்டுக்கு வருவேன் அண்ணி. மத்த நாளு துளசி ஏத்துவா."

"அது பொண்ணு. நீ பொண்டாட்டி."

துளசி அடுப்படியிலேர்ந்தே, "அத்தே, விளக்குக்கு எண்ணெ ஊத்தணும்ல, அதுக்கு வேலை வேணும்ல?"

"வாய் பாரு! அப்பன் வாய் அப்படியே."

அதச் சொல்லிட்டு அண்ணியே அழுதுட்டாங்க. டீ குடிக்காமப் போயிட்டாங்க. கோவம் எனக்கும்தான். எட்டு மாசமா ஒரு நாள் தவறுனதில்ல. அதுக்கு ஒரு வார்த்தை இல்ல.

அப்புறம் டைரியில முன் பக்கமெல்லாம் பாத்தேன். இது வரைக்கும் பாக்காம இருந்தேன். வேற ஒண்ணுமே எழுதல மனுஷன். பூரா பேரம்.

பழைய பிரிட்ஜ். கேட்டது 350. கொடுத்தது 260.
துரியான், ஒரு கூடை. கேட்டது 90. கொடுத்தது 55.
டயர். கேட்டது 180. கொடுத்தது 135.

டயர்தான் கடைசி வரி. அவரு போறதுக்கு ரெண்டு நாளுக்கு முந்தி எழுதுனது.

வெள்ளி

மேகமூட்டம். பச்சை சேலை. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திக்கிட்டுப் போனேன்.

அதே ஹோட்டல், அதே பொண்ணு. தாள நீட்டுனா. பேசிக் 1,800. நான் சொன்ன நம்பர், அழகா அச்சடிச்சு. பேனாவும் குடுத்தா.

பேனாவ வாங்கிட்டேன். மூடியத் தொறந்துட்டேன். அப்புறம் மூடுனேன்.

"அம்மாடி, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டாயிரத்து முன்னூறு வேணும்."

சொன்னது என் கொரலு மாதிரியே இல்ல. அந்தப் பொண்ணு, "அக்கா, நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஏழு சிப்பும் நான்தான் பிடிச்சேன். உங்க இன்ஜினியர் பிடிச்சது தூசி."

சிரிப்ப அடக்கிக்கிட்டா. மேனேஜர்கிட்ட கேட்டுட்டுப் போன் பண்றேன், உறுதி சொல்ல முடியாதுன்னா. சைன் பண்ணாம வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுகை. இருந்த வேலையும் போச்சோன்னு. துளசிகிட்ட இன்னும் சொல்லல.

விளக்கு ஏத்துறப்ப திட்டுனேன் அவர. சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல. எப்பப் பாத்தாலும் வாயத் தொறக்காத, வாயத் தொறக்காத.

சனி

காலையில வெயில். துணி எல்லாம் வெளிய போட்டாச்சு.

போன் பதினோரு மணிக்கு. ஈரக் கையோட எடுத்தேன். "அக்கா, முன்னூறு முடியாதாம். ரெண்டாயிரத்து இருநூறு. ஓகேவா?" ஓகேன்னேன். அரை நிமிஷம் கூட ஆகல.

துளசி குதிக்கிறா. எனக்கு ஆத்திரம்தான் வருது. அரை நிமிஷம். இதக் கேக்கவா பதினெட்டு வருஷம்.

சாயங்காலம் அண்ணி வந்தாங்க. ஒரு போத்தல் நல்லெண்ணெய், துளசி கையில குடுத்துட்டுப் போனாங்க.

டயருக்குக் கீழ எழுதிட்டேன்.

சம்பளம். கேட்டது 2,300. கொடுத்தது 2,200.

அவரா இருந்தா அந்த நூறையும் விட்டிருக்க மாட்டாரு.