காப்புக் கட்டாத கை

நண்பனே,

இன்று காலை நகராட்சிப் பணியாளர் ஒருவர் எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார். அந்த நெடி சன்னல் வழியே ஏறி வந்ததும், எழுதிக்கொண்டிருந்த சொற்பொழிவுக் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். எழுந்தேன். அறைக்குள் நடந்தேன். உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கோவில்பட்டியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்முதல் எந்த நெடியும் என்னை இப்படி இருக்கையை விட்டுக் கிளப்பியதில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் இறுதி ஊர்வலத்துக்கு வந்த நான், நாலு பேர் கேட்டும் இரங்கல் உரை ஆற்றாமல் திரும்பினேன். "அண்ணாச்சி பேசாம போறாவளே, இது என்ன அதிசயம்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பேச வேண்டியது ஊரிடம் இல்லை, உன்னிடம். ஆகையால் எழுதுகிறேன்.

மதுவிலக்கு மறுபடியும் நடப்புக்கு வந்திருந்த காலம் அது. சித்திரை வெயிலில் கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஊருணியில் சேறும் நீரும் பாதிப்பாதி. ஊரோ அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நீ பிறர் காடுகளில் ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்தவன். உன் தந்தைக்குப் பின் அம்மன் கோயில் சாமியாடி. நான் கடவுள் இல்லையென்று மேடைதோறும் முழங்கியவன். ஒரே பள்ளியில், ஒரே பலகையில் உட்கார்ந்த நம்மை இந்த வேறுபாடு பிரித்ததே இல்லை. "ஒன் கூட்டத்துக்கு ஆள் சேரலன்னா சொல்லுலே, நான் வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறேன்" என்பாய். நானும் சிரிப்பேன்.

கொடையின் முறை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனத்துக்கு ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். சாமியாடியின் வலக்கையில் காப்பு என்னும் மஞ்சள் நூல் ஏறினால் கொடை தொடங்கிவிட்டது என்று பொருள். ஏறிய பிறகு ஊரில் எது நேர்ந்தாலும் கொடை நிற்காது. ஏறாவிட்டால் கொடையே இல்லை.

ஆண்டுதோறும் கொடைக்கு முன்னதாகவே வந்து சாவடியில் தங்கும் வளையல்காரர், அந்த ஆண்டும் வந்தார். வந்த மறுநாளே வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார். அவர் துணிகளை யாரோ இரக்கப்பட்டு ஊருணியில் அலசிப் போட்டார்கள். அடுத்து மேலத்தெருவில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் படுத்தன. நம் ஊரில் "பேதில போவான்" என்பது வசவாகவும் வழங்கும், கொஞ்சலாகவும் வழங்கும். பெற்ற பிள்ளையைச் சோறுண்ண அழைக்கும் தாயும் அதைச் சொல்லித்தான் அழைப்பாள். அந்த வாரம் அச்சொல் ஊரில் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

சுகாதார ஆய்வாளர் ஊசிப்பெட்டியோடு மிதிவண்டியில் வந்தார். ஊருணிக் கரையில் வெள்ளைத் தூளைத் தூவினார். நோயாளியைத் தொட்டவர்கள் தனித்திருக்க வேண்டும், துணியும் கலயமும் தனியே வைக்க வேண்டும் என்றார். கொடை வைத்தால் கழுகுமலையிலிருந்தும் இடைசெவலிலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். ஒரே அண்டாவில் செம்பு முக்கிக் கஞ்சி குடிக்கும். குடித்ததை வயிற்றில் சுமந்துகொண்டு அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறும். "நிறுத்துங்கய்யா, கும்பிட்டுக் கேக்கேன்" என்றார். நாட்டாமை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்று மாலை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். மறுநாள் காப்புக்கட்டு. ஒலிபெருக்கி வேறு வந்து இறங்கியிருந்தது; விடுவேனா? ஏறி நின்றேன். "அன்பார்ந்த பெருமக்களே! கொள்ளைநோய் நம் வாயிலில் வந்து நிற்கிறது! ஊருணி நீரை அப்படியே அருந்தாதீர்கள்! காய்ச்சிய தண்ணீரையே குடியுங்கள்!" என்று முழங்கினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "காய்ச்சுறதுக்குப் போலீசு விடணுமே அண்ணாச்சி!"

இன்னொரு குரல்: "அண்ணாச்சியே மைக்குல சொல்லிட்டாவ, இனிமே எவன்லே கேப்பான்? ஊத்துலே!"

கள்ளச்சாராயம் காய்ச்சுவதையும் நீரைக் காய்ச்சுவதையும் நம் ஊர் ஒரே சொல்லால் சொல்லும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நீயும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், கண்டேன். அதன்பின் நான் பேசிய எதுவும் எவர் காதிலும் ஏறவில்லை. "கொடைய நிறுத்துனா அவ கோவிச்சுக்கிடுவா. கோவிச்சா இன்னும் நாலு பிள்ளைய எடுப்பா" என்றார் நாட்டாமை. அச்சத்தோடு சொன்னார்; ஏய்க்கச் சொல்லவில்லை. அவர் பேரனும் படுத்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் உன்னைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"ஏலே, நாளைக்கு ஒனக்கு அருள் வருமில்லா? அப்பச் சொல்லு. கொடை இப்ப வேண்டாம்னு அம்மன் சொல்லுதான்னு ஒரு வார்த்தை. நான் தொண்டை கிழியப் பேசியும் நடக்காதது அதுல நடந்துரும்."

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "மேடையில சாமியே இல்லங்குத. இங்கன வந்து அவளப் பொய் சொல்லச் சொல்லுத. ரெண்டுல ஒண்ணு பேசுலே."

"உசுரு போகுதுலே!"

"அது எனக்கும் தெரியும். அவ வரும்போது நான் அங்கன இருக்க மாட்டேன்டா. யார் பேசுதான்னு எனக்கே தெரியாது. அந்த வாயில ஒன் பேச்ச எப்படிக் கொண்டு வைக்க? அவ சொன்னா சொல்லட்டும்."

"அவ சொல்லலன்னா?"

அதற்குள் சாவடிப் பக்கமிருந்து ஆள் ஓடிவந்தான். வளையல்காரர் போய்விட்டார்.

பிணத்தைத் தொட ஆள் இல்லை. அவர் ஊர் எது, உறவு எது, ஒருவருக்கும் தெரியாது. நம் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் கையில் அவர் போட்ட வளையல். அவர் கையைப் பிடித்துத் தூக்க ஒரு கை இல்லை. பொழுது சாய்வதற்குள் எப்படியாவது கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் என்று தூரநின்று பேசினார்கள். நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாவடிப் படியேறினாய்.

நாட்டாமை பதறினார். "ஏலே, தொடாதே! நாளைக்கு நீ காப்புக் கட்டணும்லே!"

"இவருக்கு யாரு இருக்கா மாமா?"

"அதுக்கு? வெட்டியானக் கூப்பிடுவோம்."

"அவன் எரிப்பான். கொள்ளி யாரு வைக்க? நான் வைக்கேன். இவருக்கு மகன் நான்தான்னு வச்சிக்கிடுங்க."

அந்தச் சொல் விழுந்ததும் சாவடி வாசலில் நின்ற அத்தனை பேரும் நாட்டாமை பக்கம் திரும்பினார்கள். கொள்ளி வைத்தவன் காரியம் முடியும்வரை தீட்டுக்காரன். கோயில் வாசலை மிதிக்கலாகாது. காப்பை நினைக்கவும் கூடாது. நாட்டாமை உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நீயும் நானும்தான் தூக்கிப் போனோம். ஆய்வாளர் விட்டுச்சென்ற தூளை வழிநெடுகவும், பின்னர் நம் கைகளிலும் கொட்டிக்கொண்டோம். அந்த நெடிதான் இன்று காலை என் வீட்டுக்குள் வந்தது.

மறுநாள் காலைப் பேருந்துகளிலேயே சேதி போயிற்று: "சாமியாடிக்குத் தீட்டு. கொடை தள்ளிப் போச்சு. யாரும் வர வேண்டாம்." நடத்துநர்கள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சொல்லிக்கொண்டே போனார்கள். கொள்ளைநோய் என்று நான் கத்தியபோது சிரித்த வட்டாரம், தீட்டு என்றதும் மறுபேச்சின்றி ஊர் எல்லையில் நின்றுகொண்டது.

நீ வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்குக் கிழக்கே கிடைக்காட்டில், ஆடுகளை உன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஓலைக் கூண்டுக்குள் தனியே கிடந்தாய். உன் துணி தனி, உன் கலயம் தனி. உன் மனைவி வரப்போரம் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளிநின்று கூவுவாள்: "ஆட்டுக்கூண்டுக்குள்ள எத்தன நாளைக்குக் கெடக்கப் போறீரு? வரும்போது கொம்பு மொளச்சிருக்கப் போவுது!" நீ உள்ளிருந்து ஆடு போலக் கத்திக் காட்டுவாய். அவள் சிரித்துக்கொண்டே போவாள். பாதி வழியில் கண்ணைத் துடைப்பாள்.

ஆய்வாளர் என்னென்ன செய்யச் சொல்லி மன்றாடினாரோ, அவை அத்தனையும் அந்தக் கூண்டுக்குள் நடந்தன. எனக்கு நிலைகொள்ளவில்லை. தீட்டு என்னும் சொல்லால் எத்தனை மனிதரைக் கிணற்றடியிலிருந்து விரட்டினார்கள், எத்தனை பெண்களைக் கொல்லைப்புறத்தில் ஒடுக்கினார்கள் என்று அறிந்தவன் நான். அதை வேரோடு கெல்லி எறிவதே என் வாழ்நாள் வேலை. அந்தச் சொல்லைக் கொண்டே நீ ஊருக்கு வேலியடைத்தாய். அதற்காக நான் அச்சொல்லை மன்னிக்கவில்லை. உன்னை மறுக்கவும் முடியவில்லை.

மேலத்தெருக் குழந்தைகளில் பெண்பிள்ளை பிழைக்கவில்லை. அன்று அதன் தகப்பன் கிடைக்காட்டுக்கு ஓடிவந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். "கொடைய நிறுத்திப்புட்டு எம்பிள்ளையப் பறிகொடுக்க வச்சிட்டியேலே! பாவி! நீ வெளங்குவியா!" என்று மண்ணை அள்ளி வீசியபடி கூண்டை நோக்கி வந்தான்.

நீ வெளியே வந்து இரு கைகளையும் தூக்கி அவனைத் தடுத்தாய். "கிட்ட வராதீரும் மச்சான். வீட்டுல இன்னொண்ணு கெடக்கு. அங்கனயே நின்னு வையும். எம்புட்டு வேணும்னாலும் வையும். நான் கேக்கேன்."

அவன் அங்கேயே நின்று வைதான். தொண்டை வற்றும்வரை வைதான். நீ வெயிலில் கைகட்டி நின்று கேட்டாய். எத்தனையோ மேடைகளில் நான் கூட்டத்தை அடக்கியிருக்கிறேன். ஒரு மனிதனின் அழுகைக்கு முன்னால் அப்படி நிற்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

இரண்டாம் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. நாட்டாமை பேரனும் பிழைத்தான். நோய் நம் ஊருணிக் கரையைத் தாண்டி எந்த ஊருக்கும் போகவில்லை.

காரியம் கழிந்து, மழை ஒன்று பெய்து, ஊருணி புதுநீர் கண்டபின் கொடை வைத்தார்கள். உன் கையில் காப்பு ஏறியது. நான் வழக்கம்போல் எதிர்க் கடையில் தேநீரோடு நின்றேன். மேளம் அடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். சாம்பிராணிப் புகையில் நீ நட்ட கல்லாக நின்றாய். மேளம் இன்னும் ஓங்கியது. அடித்தவர்களுக்குக் கை சோர்ந்தது. உனக்கு அருள் வரவில்லை. ஒரு விரல்கூட நடுங்கவில்லை. கடைசியில் நீயே திருநீற்றுக் கொப்பரையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாய். அதன்பின் உன் ஆயுள் முடியும்வரை அது வரவே இல்லை.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் என்னருகே வந்து உட்கார்ந்தாய். நீயாகச் சொன்னாய்:

"கொள்ளி வச்சது அந்த மனுசனுக்காவயா, கொடைய நிறுத்தவான்னு அவ கேட்டா நான் என்ன சொல்ல? எனக்கே தெரியலலே. அதான் வரல போல."

என்னிடம் விடை இருந்தது. இல்லாத ஒருத்தி எப்படிக் கேட்பாள், எப்படி உன்னைக் கைவிடுவாள் என்னும் விடை. மேடைதோறும் கைதட்டு வாங்கித்தந்த விடை. உன் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தேன். கழுகுமலைப் பேருந்து வந்தது. நீ ஏறிப் போய்விட்டாய்.

என் கொள்கை மாறவில்லை. நாளை மறுநாள் எட்டயபுரம் சாலையில் கூட்டம்; அங்கும் இல்லை என்றே முழங்குவேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டு ஓய்ந்து அடுத்த சொல்லை எடுப்பதற்குள் ஒவ்வொரு மேடையிலும் என் மனம் அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்வருகிறது. இல்லை என்று நான் அடித்துச் சொல்லும் ஒன்றை, எவர் பெற்ற பிள்ளையோ பிழைத்துக் கிடக்கட்டும் என்று நீ இழந்தாய். அவள் இல்லை, நண்பனே. நீ இழந்தது உண்டு.