குளிர்ந்த கரண்டி

நிலவின் தென்துருவ நிலையம்
பொறுப்பு: சண்முகவடிவு, பனி ஆய்வாளர். தனியாள்.

நாள் 203, 07:10
என் இடது பாதம் மரத்திருப்பது சூட்டினாலா, நோய் திரும்பியதாலா? எனக்குத் தெரியவில்லை. நேற்று மாலை குளிரூட்டி நின்றுவிட்டது. அறை 34 டிகிரி. துளைப்பான் ஆழம் 41 மீட்டர், சீராக இயங்குகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். எட்டு ஆண்டுகள் மருந்தில் அடங்கியிருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களை இங்கே அனுப்புவதில்லை. இங்கே வருவதற்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன் அதை நிறுத்தினேன்.

நாள் 203, 09:40
குளிரூட்டி சரியானது. அறை 22. பூமியிலிருந்து டாக்டர் ஹமீதா, என் கல்லூரித் தோழி:

"சூட்டுல நரம்புல இருக்கிற பழைய தழும்பு கிளம்பும்டி. உடம்பு குளிர்ந்தா போயிடும். இருபத்துநாலு மணி நேரம் தாண்டியும் நின்னா புதுத் தாக்குதல். அதுக்கு ஊசி அங்க கிடையாது. பூமிக்கு வர்ற கலம் சாயங்காலம் ஆறுக்குக் கிளம்புது. விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான். ஏறிடு வடிவு, மத்த சண்டையை இங்க வந்து போடு."

விடை நாளைக் காலையில்தான் தெரியும்.

நாள் 203, 13:15
குளிர்பெட்டியில் வைத்த எவர்சில்வர் கரண்டியால் பாதங்களைச் சோதித்தேன். வலது: குளிர்ச்சி. இடது: ஏதோ தொடுகிறது, அவ்வளவுதான். பேனா இரண்டு முறை நழுவியது. வியர்வை.

நாள் 203, 16:30
இடது கட்டைவிரலில் லேசான குளிர்ச்சி. அல்லது அப்படி நினைக்க விரும்புகிறேன். நான் போய்விட்டால் துளைப்பான் உறைந்து நின்றுவிடும். பயம் எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஹமீதாவுக்கும் இதை அனுப்பினேன். அவள்: "அடுத்தவங்க கட்டுரைன்னா அடிக்குறிப்பு வரைக்கும் ஆதாரம் கேப்பே. உனக்கு மட்டும் ஒரு கட்டைவிரல் போதுமாடி?"



நாள் 203, 18:00
கலம் கிளம்பியது. என் இருக்கையில் பனி மாதிரிகளைக் கட்டி அனுப்பினேன்.

நாள் 204, 09:40
நடந்ததை எழுதுகிறேன். இருபத்துநான்கு மணி நேரம் முடிந்தது. கரண்டியை இடது பாதத்தில் வைத்தேன். ஐந்து விரல்களிலும் குளிர்ந்தது. ஹமீதாவுக்கு "சூடுதான்" என்று அனுப்பினேன்.

ஒப்பிடுவதற்காக வலது பாதத்துக்குக் கொண்டுபோனேன். எதுவும் படவில்லை. இங்கே பொருள்கள் மெதுவாக விழும். தரையில் தட்டிய சத்தம் கேட்ட பிறகுதான், வலது கையில் கரண்டி இல்லை என்று தெரிந்தது. விரல்கள் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோலவே மடங்கியிருந்தன.

அறை 22தான். இதை இடது கையால் எழுதுகிறேன்.