ஊர் முடித்துவைத்த வழக்கு

ஆவணி 14, சனிக்கிழமை

தம்பி ஏழுமலை மீது நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருக்கிறது. குடித்துவிட்டு மீன் வண்டி ஓட்டிய வழக்கில், விசாரணை நாளன்று அவன் போகவே இல்லை. காரணம் கேட்டேன்.

“அதான் ஊர்லயே தீர்த்துட்டாங்களேண்ணா. ஏரில வலை போட எனக்கு வந்த முறையை, என் பாட்டையே தண்டமா வுட்டுக் குடுத்தேன். ஒரு தப்புக்கு எத்தினி வாட்டி தண்டனை?”

“ஊர் என்னடா, மாஜிஸ்திரேட்டா?”

முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் ஊதச் சொன்ன கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான சோதனைச் சான்றைக் கேட்டு வாதாடியிருக்கலாம். ஒப்புக்கொண்டு, அபராதத்தோடு விடும்படி வேண்டியிருக்கலாம். எதற்கும் ஆள் போய் நிற்க வேண்டாமா? இனிப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள். உரிமம் போனால் பிழைப்பும் போகும்.

கையை ஓங்கிவிட்டேன். அவன் உள்ளே போய் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

“நீதானேண்ணா எழுதுன. படி.”

என் கையெழுத்துதான். ‘இத்துடன் இவ்விவகாரம் முடிந்தது. இது குறித்து இனி எவரும் எங்கும் செல்லக் கூடாது.’

பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு தீர்மானத்தின் அடியிலும் நான் எழுதிவரும் வரி. ஒருமுறையும் நின்று படித்ததில்லை.

திங்களன்று வக்கீலோடு அவனை அழைத்துப் போக வேண்டும். பிடியாணையை ரத்துசெய்யக் கோரும் மனுவில், அவன் வராததற்குக் காரணம் எழுத வேண்டுமாம். அதையும் நான்தான் எழுத வேண்டும்.